பதினாலு சி-யில் உட்கார்ந்தது யார்?

திருச்சி விமான நிலையத்தில் சவரிமுத்துவை இரண்டு காவலர்கள் அலாக்காகத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. லேகியம். வலது கால் செருப்பு விமானத்துக்குள்ளேயே நின்றுபோயிருந்தது. அதைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. மேல் தட்டில் எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கிறது, அதையாவது எடுத்துக் கொடுங்கள் என்றுதான் கெஞ்சினார். எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் காவலர்களுக்கு உத்தரவு இல்லை. கதவு சாத்திக்கொண்டது. லேகியம் சிங்கப்பூருக்குப் பறந்தது. சவரிமுத்து ஒற்றைச் செருப்போடு ஆட்டோ பிடித்துப் பாலக்கரைக்குத் திரும்பினார்.

அது சும்மா லேகியம் இல்லை, பிரசவ லேகியம். ஒரே மகள் ஜெசிந்தாவுக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம். இந்த மாதிரி நேரத்தில் பெண்ணைப் பெற்ற அம்மாதான் மூட்டை முடிச்சோடு விமானம் ஏறுவாள். ஜெசிந்தாவுக்கு அம்மா இல்லை. லூர்துமேரி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் அறுவை, எழுந்து நடந்தாலே பெரிது. அப்புறம் யார் இருக்கிறார்கள்? நானே வருகிறேன் என்று சவரிமுத்து சொன்னபோது மகள் சிரித்தாள். அரசுப் பேருந்தில் கண்டக்டராகக் காலம் தள்ளிய மனுஷன், வீட்டில் வெந்நீர் வைக்கவே இரண்டு முறை யோசிப்பவர். ஆனால் மனுஷன் விடவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று வறுத்து இடித்து அவர் கிளப்பிய புகையில் தெருவே தும்மியது. முதல் இரண்டு சட்டி அடிப்பிடித்தது. மூன்றாவது சட்டியில் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்து பளபளவென்று திரண்டு வந்தது. பக்கத்து வீட்டு ஃபாத்திமா ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, லூர்து கைப்பக்குவம் அப்படியே இருக்குதுண்ணே என்றார். சவரிமுத்து மிளகு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

இவ்வளவு பாடுபட்டு ஏறிய விமானத்திலிருந்துதான் இறக்கிவிட்டார்கள். ஏன் என்று அவருக்கு விளக்கியது ஃபாத்திமாவின் மகள் நூர்ஜஹான். அவள் வழக்கறிஞர். கறுப்பு கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, இப்ப எல்லா ஃப்ளைட்லயும் சீட்டுக்குள்ள ஒரு கருவி வெச்சிருக்காங்க. உட்கார்றவங்களோட நெஞ்சு எப்படி அடிக்குது, உள்ளங்கை வேர்க்குதா, பல்லைக் கடிக்கிறாங்களா, எல்லாத்தையும் அளக்கும். அளவு தாண்டினா அந்த சீட்டு நம்பர் சிவப்பாயிடும். இந்த ஆளு மேல போனதும் தகராறு பண்ணுவான்னு அர்த்தமாம். சிவப்பானா கிளம்புறதுக்கு முன்னாடியே இறக்கி விட்டுரணும்னு சட்டம்."

"நான் எதுக்கும்மா பல்லைக் கடிக்கப் போறேன்? கடிக்க இருக்கிறதே நாலு."

ஜனங்கள் அந்தக் கருவிக்குப் பதறுமானி என்று பெயர் வைத்திருந்தார்கள். வானத்தில் அடிதடி அதிகமாகிப் போன ஒரு காலத்தில் வந்தது அது. வந்தபின் அடிதடி குறைந்ததும் உண்மைதான். அதனால் யாரும் அதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. இறக்கிவிடப்படுகிறவர் எப்போதும் வேறு யாரோதானே. அதோடு இன்னொரு விதியும் இருந்தது. சிவப்பு விழுந்த பயணியிடம் ஏன், என்ன என்று பணியாளர்கள் கேட்கக் கூடாது. கேட்டால் கொதிக்கிற பாலில் கரண்டி விட்ட மாதிரி பொங்கிவிடுவார்களாம். பேசாமல் இறக்கிவிட வேண்டியது. இறக்கிவிட்ட கையோடு பெயர் தரைப்பட்டியலில் ஏறும். தரைப்பட்டியலில் இருப்பவரை ஒரு வருஷத்துக்கு எந்த விமானமும் ஏற்றாது.

ஒரு வருஷம் என்றதும் சவரிமுத்து விரல் விட்டு நாளை எண்ணினார். ஜெசிந்தாவுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். கப்பலில் போகலாமா என்று கேட்டார். கப்பல் விட்டதெல்லாம் அந்தக் காலம் மாமா என்று நூர்ஜஹான் சொல்லிவிட்டு, அன்றைக்கு உள்ளே நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

நடந்தது இதுதான். விமானத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே சவரிமுத்துவுக்குக் கை அரித்தது. புருஷன் ஒரு வரிசையில், பெண்டாட்டி நாலு வரிசை தள்ளி. அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டிய பெரியவரை ஜன்னலோரத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு ஏங்குகிற குழந்தை நடுவில். ஒரு கண்டக்டர் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? அய்யா நீங்க இப்படி வாங்க, பாப்பா நீ அங்க போ, தம்பி கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் உட்காருங்க என்று கால்வாசி விமானத்தை மாற்றி உட்கார வைத்துவிட்டார். ஜனங்களும் டவுன் பஸ்ஸில் மாறுகிற மாதிரி மாறிக்கொண்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தன்னுடைய பதினாலு சி இருக்கையையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் இருபத்திரண்டாம் வரிசைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்து சவரிமுத்து யார் என்று கேட்டாள். வகுப்பில் ஆஜர் சொல்கிற பையன் மாதிரி இவரும் கையைத் தூக்கினார்.

நூர்ஜஹான் துள்ளி எழுந்துவிட்டாள். அப்படியானால் சிவப்பு விழுந்தது உங்களுக்கு இல்லையே மாமா, பதினாலு சி-யில் உட்கார்ந்திருந்தவருக்குத்தானே, அது யார் என்று கேட்டாள்.

சவரிமுத்து சுவரில் இருந்த லூர்துமேரி படத்தைப் பார்த்தார். ஞாபகமில்லையேம்மா என்றார்.

அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மணப்பாறைப் பெண். கோகிலவாணி என்று பெயர். கழுத்தில் மஞ்சள் காயாத தாலி. புருஷன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை. இவள் அவனோடு முதல் முறையாகப் போகிறாள், ஆனால் சீட்டு வேறு வேறு இடத்தில் விழுந்திருந்தது. துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா மட்டும்தானாம். ஆடிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாளாம். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைக்கிற வழக்கத்தை நம்பித்தான் அந்த அம்மா வாசலில் நின்று கையாட்டியிருக்கிறாள். போய் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காரும்மா, பதினாலு சி நான் வேலை பார்த்த ரூட்டு நம்பர், ரொம்ப ராசி என்று சொல்லி அவளை உட்கார வைத்தது அவர்தான். இப்போது அவள் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? சிவப்பு யாருடையதோ அவருக்குத்தான் தரைப்பட்டியல். அந்தப் பெண் ஒரு வருஷத்துக்கு விமானம் ஏற முடியாது. அப்புறம் ஆடி எங்கே, அம்மா எங்கே?

அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை.

விமானப் பயணிகள் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தது. நடுவர் மெய்யம்மை காரைக்குடிப் பக்கத்து அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார். செவ்வானம் ஏர்வேஸ் சார்பில் சென்னையிலிருந்து சௌதாமினி என்ற வழக்கறிஞர் வந்தார். பெரிய கெட்டிக்காரர். விமான நிறுவனத்துக்கே வக்கீலாக இருந்தும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அம்மா ரயிலில் வந்து இறங்கியதைப் பார்த்து, நூர்ஜஹானுக்கு ஒரே ஆச்சரியம். ஓசி டிக்கெட் கொடுக்க மாட்டார்களா என்று சவரிமுத்துவின் காதில் கிசுகிசுத்தாள்.

சௌதாமினியின் வாதம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. விமானத்தின் பாதுகாப்புக்குக் கேப்டன்தான் பொறுப்பு, சந்தேகத்துக்கு இடமானவரை இறக்கிவிட அவருக்கு முழு அதிகாரம் உண்டு. பதறுமானி பொய் சொல்வதில்லை. இறங்கச் சொன்னபோது இவர் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முரண்டு பிடித்திருக்கிறார், அதனால்தான் தூக்க வேண்டி வந்தது. கடைசியில் சவரிமுத்து பக்கம் திரும்பினார்.

"நீங்க கண்டக்டரா இருந்தவர்தானே? டிக்கெட் எடுக்காதவங்க, குடிச்சிட்டு வந்தவங்க, எத்தனையோ பேரை நடுவழியில இறக்கி விட்டிருப்பீங்க. நீங்க செஞ்சா கடமை, நாங்க செஞ்சா குத்தமா?"

"இறக்கி விட்டிருக்கேன் மேடம். ஆனா அவன் என்னைத் திட்டுறதுக்கு நேரம் கொடுப்பேன். எங்கப்பனையும் ஆத்தாளையும் இழுத்து நல்லா திட்டி முடிச்சிட்டான்னா பாதிப் பேரு தானா அடங்கிடுவான். அப்புறம் எங்க இறக்குறது, டிக்கெட்டைக் கொடுத்து உட்கார வெச்சிருவேன்."

கூடம் சிரித்தது. நடுவருக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் அடுத்த நிமிடமே அவர் கறாராகிவிட்டார். இருக்கை மாறினேன் என்கிறீர்கள், யாரோடு மாறினீர்கள் என்று சொல்ல மறுக்கிறீர்கள், பெயர் இல்லாத சாட்சியை நான் எந்தப் பெட்டியில் பூட்டி வைப்பது என்று கேட்டார். அன்றைக்குப் பணியில் இருந்த தமயந்தி என்ற பணிப்பெண்ணையும் விசாரித்தார்கள். இவர் வேறு வரிசையில் இருந்ததைக் கவனித்தேன், ஏன் சார் இங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது, விதி கேட்கக் கூடாது என்கிறது, விழுங்கிவிட்டேன் என்று அந்தப் பெண் தலை குனிந்து சொன்னாள். பதினாலு சி-யில் யார் இருந்தார் என்பதை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவில் பெயரைச் சொல்லாவிட்டால் தடை நிற்கும் என்று நடுவர் எச்சரித்து அனுப்பினார். வெளியே டீக்கடையில் நூர்ஜஹான் டம்ளரை நங்கென்று வைத்தாள். "பேரன் பொறக்கிறதை ஃபோன்ல பார்க்கப் போறீங்களா மாமா? வாயில என்ன கொழுக்கட்டையா?" சவரிமுத்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

இதற்கிடையில் லேகியம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அது சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் எல்லாரும் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது தூக்கு மட்டும் தனியாக மேலே இருந்தது. கோகிலவாணி அதை அடையாளம் கண்டுகொண்டாள். தனக்கு இடம் கொடுத்துவிட்டு, தன் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போகப்பட்டவர் கதறிக் கேட்ட பொருள் அது. மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஜெசிந்தாவின் பெயரும் விலாசமும் இருந்தன. தேடிப் பிடித்துப் போய்க் கொடுத்தாள். ஊர்ப்பேச்சு கேட்காமல் கிடந்த இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். அக்கா, அக்கா என்று இவள் விடுமுறை தோறும் போய் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். அப்பாவை எதற்காக இறக்கிவிட்டார்கள் என்று ஜெசிந்தாவுக்கும் முதலில் தெரியாது. டீக்கடையில் கோபித்துக்கொண்டு போன நூர்ஜஹான் அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுப் புலம்பியபோதுதான் தெரிந்தது. ஏதோ பதினாலு சி-யில் சிவப்பு விழுந்ததாம், யார் உட்கார்ந்தார் என்று அப்பா சொல்ல மாட்டேன் என்கிறாராம் என்று ஜெசிந்தா சொன்னதும், கோகிலவாணி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ராசியான நம்பர் என்று அவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பாயத்தின் சுவர்த்திரையில் அவள் தோன்றினாள். பக்கத்தில் நிறைவயிற்றோடு ஜெசிந்தா, மடியில் தூக்கு. சவரிமுத்து அந்தப் பெண்ணைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நடுவர் அவரை உட்காரச் சொன்னார்.

"பதினாலு சி-யில உட்கார்ந்திருந்தது நான்தாங்க அம்மா," என்றாள் கோகிலவாணி. "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. எங்கம்மாவ நெனச்சு அழுதுட்டிருந்தேன். சத்தம் வரக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அழுதவ நானு, இறக்குனது அவரை."

சௌதாமினி எழுந்தார். இப்படிச் சொன்னால் தரைப்பட்டியல் உங்கள் மேல் விழும், அது தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரலில் பழைய கத்தி இல்லை.

"தெரியுங்க. வீட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. ஆடிக்குப் போக முடியலன்னா எங்கம்மா புரிஞ்சிக்கும். அந்த அப்பாவ அனுப்பி வெச்சிருங்க. அக்காவுக்கு நாள் நெருங்கிருச்சு."

நடுவர் மெய்யம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். பிறகு சௌதாமினியிடம், உங்கள் கருவி சிவப்பு காட்டியது சரிதான், எதற்காகச் சிவப்பு என்று காட்டியதா என்று கேட்டார். இல்லை என்றார் சௌதாமினி.

"யாராவது கேட்டீங்களா?"

"கேட்கக் கூடாதுன்னு எங்க விதி, மேடம்."

"அடுப்பு புகையுதுன்னு கருவி சொல்லும். சோறு தீயுதா, சாம்பிராணி போட்டிருக்காங்களான்னு ஆள்தான் போய்ப் பார்க்கணும்," என்றார் நடுவர்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. சவரிமுத்து மேல் இருந்த தடை போனது. அந்தப் பெண் மேல் எந்தத் தடையும் இல்லை. கேப்டனின் அதிகாரத்தில் கை வைக்கவில்லை. ஆனால் இனிமேல் சிவப்பு விழுந்தால், ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பணியாளர் அவர் பக்கத்தில் குனிந்து என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் இறக்குவதா வேண்டாமா என்ற பேச்சு. பெரிய பெரிய பிரிவுகளெல்லாம் போட்டு நீளமாக எழுதியிருந்த தீர்ப்பின் சாரம் அவ்வளவுதான். வலது கால் செருப்பையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே சவரிமுத்து கிளம்பினார். நூர்ஜஹான் குறும்புக்காரி, வேண்டுமென்றே பதினாலு சி-யைப் பதிவு செய்திருந்தாள். ஜெசிந்தாவின் குழந்தை நல்ல பயணி மாதிரி இன்னும் தன் நிறுத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. விமானத்துக்குள் நுழைந்ததும், அவரவர் இருக்கையிலேயே அமரவும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் கெஞ்சியது. ஜனங்கள் மூன்று மொழியையும் கேட்டுக்கொண்டே, அக்கா நீங்க இங்க வாங்க, தாத்தா நீங்க அங்க போங்க என்று மாறிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆசை யாரை விட்டது, கண்ணால் மட்டும் இரண்டு பேரை மாற்றி உட்கார வைத்துப் பார்த்தார்.

பதினாலாம் வரிசையில் ஜன்னலோரத்தில் சௌதாமினி உட்கார்ந்திருந்தார். வழக்குத் தோற்றதற்கு விளக்கம் கேட்டுச் சிங்கப்பூர்த் தலைமையகம் கூப்பிட்டிருந்ததாம். முகம் வெளுத்து, ஜன்னல் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்பது போல நேராக வெறித்துக்கொண்டிருந்தார். சவரிமுத்துவைப் பார்த்ததும் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு, நடைபாதையோரம் இருந்த பதினாலு சி-யைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"தாராளமா உட்காருங்க மேடம். ராசியான நம்பர்," என்று சொல்லி அவர் ஜன்னலுக்கு மாறிக்கொண்டார்.

கதவு சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் தமயந்தி கையில் ஒளிப்பலகையோடு வேகமாக வந்தாள். பலகையில் பதினாலு சி சிவந்திருந்தது. பக்கத்தில் சவரிமுத்து என்ற பெயர். அவள் ஜன்னலோரத்தில் இருந்த சவரிமுத்துவைப் பார்த்தாள். ஓர இருக்கையில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த வழக்கறிஞரைப் பார்த்தாள். நெற்றியில் ஒரு தரம் தட்டிக்கொண்டாள். அப்புறம் இருக்கைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"என்ன ஆச்சு மேடம்?"

சௌதாமினி பதில் சொல்லவில்லை. தமயந்தி எழுந்திருக்கவும் இல்லை. தீர்ப்பு அப்படி. பின் வரிசையில் ஒரு குழந்தை பாட்டுப் பாடி முடித்தது. அதற்கப்புறம்தான் சொல் வந்தது.

"பயமா இருக்கு. இத்தனை வருஷமா இவங்களுக்காக வாதாடறேன். ஒரு தடவைகூட நான் ஏறினதில்ல."

தமயந்தி சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவருவதாகச் சொன்னாள். இவங்களை இறக்கணுமா என்பது போலப் பலகை இன்னும் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இவங்க என் கூடத்தான் வர்றாங்க, நான் பார்த்துக்கறேன் என்று சவரிமுத்து சொன்னார். தமயந்தி பலகையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு இஞ்சி மரப்பா எடுத்து நீட்டினார். வண்டி ஆட்டத்துக்கு நல்லது, கண்ணை மூடிக்கொண்டு டவுன் பஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். சௌதாமினி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். காரம் ஏறியதும் முகத்துக்குக் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"எப்ப கிளம்பும்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நீங்க ரைட் கொடுத்தா கிளம்பிரும்மா."

ஒரு மூச்சு இழுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சௌதாமினி சொன்னார்.

"போலாம். ரைட்."

சவரிமுத்து ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். வண்டி நகர்ந்தது.